மின்கம்பியின் இரைச்சலும் தானாக இயங்கும் வீடும்: வட சிலாங்கூர் வயர்மேன்களுக்கு ஒரு திறந்த மடல்

சுங்கை புரோங், தஞ்சோங் காராங், செகிஞ்சான், கோலசிலாங்கூர், புக்கிட் ரோத்தான், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா வட்டாரங்களில் வயரிங் தொழில் செய்யும் வயர்மேன்களுக்கும், அவர்களிடம் தொழில் பழகும் இளைஞர்களுக்கும் இம்மடல்.

விளக்கு, மின்விசிறி, நீர்ப்பம்பு, வாசலில் உள்ள ஆட்டோகேட், காவல் கேமரா ஆகியவற்றை ஆள் சென்று தொடாமலே நேரக்கணக்கினாலோ உணரியினாலோ கைப்பேசியினாலோ இயங்கச்செய்யும் ஏற்பாடு வீட்டுத் தானியக்கம் எனப்படுகிறது. ஒரு காலத்தில் தலைநகரத்துப் பங்களாக்களுக்கே உரியதாகக் கருதப்பட்ட இவ்வேற்பாடு இன்று வட சிலாங்கூரின் தாமான் வீடுகளிலும், தோட்டத்தை விட்டு வெளியேறியவர்கள் பாடுபட்டுக் கட்டிக்கொண்ட வீடுகளிலும், வயலோரப் பம்புக் கொட்டகைகளிலும் இடம்பிடித்துவிட்டது. அதனோடு கூடவே சில குறைகளும் வந்து சேர்ந்திருக்கின்றன: நடுநிசியில் விளக்கு தானாக எரிகிறது, கேட் பாதி திறந்த நிலையில் நின்றுவிடுகிறது, தொடர்பு அறுந்ததாகக் கைப்பேசி காட்டிய சுவிட்ச் சற்று நேரத்தில் தானே உயிர்பெறுகிறது. இவற்றுக்குக் கருவியே குற்றவாளியாக்கப்பட்டுப் புதியது வாங்கிப் பொருத்தப்படுவதும், புதியதும் சில வாரங்களில் அதே குறையைக் காட்டுவதும், அதனால் வீட்டுக்காரர் பணத்தையும் வயர்மேன் நற்பெயரையும் இழப்பதும் வழக்கமாகிவிட்டன. குறையின் வேர் பல வேளைகளில் கருவிக்கு மின்சாரம் கொண்டுவரும் கம்பியிலேயே இருக்கிறது என்பதும், அதைத் தேடிக் கண்டுபிடிக்கக்கூடிய கைகள் இவ்வட்டாரத்தில் வயர்மேன்களுடைய கைகளே என்பதும் இம்மடல் எழுதப்படுவதற்கான காரணங்கள்.

இவ்வட்டாரத்து வீடுகளின் மின்கம்பிகளுக்கு ஒரு வரலாறு உண்டு. மலாயாவின் முதல் வணிகமுறைச் செம்பனைப் பயிரீடு 1917-இல் தொடங்கிய தென்னமரம் தோட்டம் உட்பட, இங்குள்ள தோட்டங்களின் லயன் வீடுகளுக்கு நெடுங்காலம் மின்சாரமே இல்லை. பிறகு வந்த மின்சாரமும் பல தோட்டங்களில் நிர்வாகத்தின் ஜெனரேட்டர் மாலையில் சில மணி நேரம் ஓடும்போது மட்டுமே கிடைத்தது. தொழிலாளர் வீடுகளுக்குக் குழாய்நீரும் மின்சாரமும் தரவேண்டிய கடமையைத் தோட்ட முதலாளிகள்மீது சுமத்திய தொழிலாளர் குறைந்தபட்ச வீட்டுவசதித் தரச் சட்டம் 1990-இல் வந்தது. தேசிய மின்சார வாரியம் தெனாகா நேஷனலாக மாறியதும் அதே ஆண்டில்தான். அக்காலத்தில் போடப்பட்ட வயரிங் நான்கைந்து விளக்கு, ஓரிரு மின்விசிறி, ஒரு வானொலி, ஒரு தொலைக்காட்சி என்ற கணக்கில் போடப்பட்டது. அதே வயரிங்கின் தலையில் இப்போது இன்வெர்ட்டர் ஏர்கோன், பத்துப் பதினைந்து எல்இடி விளக்கு, ஒவ்வொரு அறையிலும் கைப்பேசி சார்ஜர், டிகோடர், மீன்தொட்டிப் பம்பு, ஆட்டோகேட், இவற்றுக்கெல்லாம் மேலாகத் தானியக்கக் கருவி என அடுக்கடுக்காக ஏற்றப்பட்டிருப்பதைக் கருதினால், குறை தோன்றுவதில் வியப்பில்லை.

மலேசியாவில் 2008-ஆம் ஆண்டிலிருந்து வீட்டு மின்னழுத்தத்தின் பெயரளவு 230 வோல்ட்; அது 10 விழுக்காடு கூடலாம், 6 விழுக்காடு குறையலாம் என்பதால் 216 முதல் 253 வோல்ட் வரை ஏற்கத்தக்கதே ஆகும். இம்மின்னழுத்தம் நொடிக்கு 50 முறை ஏறி இறங்கும் அலை. ஒவ்வோர் அலையிலும் மின்னழுத்தம் இரண்டு முறை சுழியைக் கடக்கிறது, ஆகவே நொடிக்கு 100 சுழிக் கணங்கள் உண்டு. இந்தத் தூய அலையின்மேல் வேறு அதிர்வெண்களில் ஏறிக்கொள்ளும் வேண்டாத மின்னலைகளே மின்கம்பி இரைச்சல் எனப்படுகின்றன. காதுக்குக் கேட்காத இந்த இரைச்சல் விளக்கையோ இஸ்திரிப்பெட்டியையோ பாதிப்பதில்லை. செய்தியைக் கேட்டு இயங்கும் கருவியை மட்டுமே குழப்புகிறது.

மின்கம்பியையே செய்திக்கம்பியாகவும் பயன்படுத்தும் கருவிகளுக்கு இதனால் வரும் துன்பம் மிகுதி. இவ்வகையின் முன்னோடி, ஸ்காட்லாந்தின் கிளென்ராத்தஸ் நகரத்து பிக்கோ எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1975-இல் உருவாக்கிய எக்ஸ்-10 முறையாகும். மின்னழுத்தம் சுழியைக் கடக்கும் கணத்தை ஒட்டி ஒரு மில்லிநொடி நேரம் 120 கிலோஹெர்ட்ஸ் அலையைக் கம்பியில் ஏற்றினால் அது ‘ஒன்று’, ஏற்றாவிட்டால் அது ‘சுழி’ என்பதே அதன் மொழி. பதினாறு வீட்டுக்குறி, ஒவ்வொன்றிலும் பதினாறு எண் என மொத்தம் 256 கருவிகளை அதனால் தனித்தனியே அழைக்கமுடியும். ஒரு கருவியை அழைத்து ஒரு கட்டளையைச் சொல்லி முடிக்க 47 அலைகள் தேவைப்படுவதால், நமது 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் ‘இந்த விளக்கை அணை’ என்று சொல்வதற்கே ஏறத்தாழ ஒரு நொடி பிடிக்கிறது. அந்த ஒரு நொடிக்குள் இரைச்சல் குறுக்கிட்டால் கட்டளை சிதைந்துவிடும். பின்னர் வந்த முறைகள் பிழையைக் கண்டறிந்து திருப்பிச் சொல்லும் ஆற்றல் பெற்றவை. கேஎன்எக்ஸ் முறையின் மின்கம்பி வகை 110 கிலோஹெர்ட்ஸ் அருகிலும், இணையத்தைப் பிளக் பாயிண்டிலிருந்து பிளக் பாயிண்டுக்குக் கடத்தும் ஹோம்பிளக் அடாப்டர் 2 மெகாஹெர்ட்ஸுக்கு மேலும் இயங்குகின்றன. ஆனால் எல்லாவற்றுக்கும் கம்பி ஒன்றே, அக்கம்பியிலுள்ள இரைச்சலும் ஒன்றே.

செய்தி கெடுவதற்கு இரண்டு வேறுவேறு வழிகள் இருப்பதைப் பிரித்தறியாதவரை பழுது பார்த்தல் குருட்டுவேலையாகவே முடியும். முதலாவது, ஒரு கருவி புதிய இரைச்சலைக் கம்பியில் ஏற்றுவது. மின்விசிறியின் எலெக்ட்ரானிக் ரெகுலேட்டரும் விளக்கின் டிம்மரும் டிரையாக் என்னும் மின்னணு வாயிலால் ஒவ்வோர் அலையின் ஒரு பகுதியை வெட்டியே வேகத்தையும் ஒளியையும் குறைக்கின்றன. அவ்வாறு வெட்டும் ஒவ்வொரு கணத்திலும் மின்னோட்டம் செங்குத்தாக எழுவதால் கூரிய இரைச்சல் பிறக்கிறது. சார்ஜரும் எல்இடி டிரைவரும் உள்ளே நொடிக்குப் பல்லாயிரம் முறை மின்னோட்டத்தை விட்டுவிட்டுச் செலுத்துபவை. அவற்றின் உள்வடிப்பான் மலிவானதாகவோ இல்லாமலோ இருந்தால் அத்துடிப்பு முழுதும் கம்பிக்குள் இறங்கிவிடும்.

இரண்டாவது வழி பலருக்குப் பழக்கமில்லாதது. ஒரு கருவி இரைச்சல் எதுவும் போடாமலே வருகிற செய்தியை விழுங்கிவிடக்கூடும். கெபாசிட்டர் என்று தொழிலில் வழங்கும் மின்தேக்கியை லைவுக்கும் நியூட்ரலுக்கும் குறுக்கே வைப்பது நல்ல கருவிகளின் இலக்கணம். தன் இரைச்சல் வெளியே போகாதிருக்கவே அது வைக்கப்படுகிறது. 0.1 மைக்ரோஃபேரட் கெபாசிட்டர் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கு ஏறத்தாழ 32,000 ஓம் தடையாக நிற்பதால் வீட்டு மின்சாரம் அதைப் பொருட்படுத்துவதில்லை. அதே கெபாசிட்டர் 120 கிலோஹெர்ட்ஸ் செய்திக்கு வெறும் 13 ஓம், 0.47 மைக்ரோஃபேரட் ஆனால் 3 ஓமுக்கும் குறைவு. தஞ்சோங் காராங் வயலில் கடைசி மடைக்குப் போகவேண்டிய வாய்க்கால் நீர் நடுவில் உடைந்த கரை வழியே பாரிட்டுக்குள் வடிந்துவிடுவதைப் போலச் செய்தியின் வலு அங்கேயே வடிந்துவிடுகிறது. தரமான தொலைக்காட்சியும் கணினியும் இப்படிச் செய்தியை விழுங்குவதும், மலிவான சார்ஜர் இரைச்சலைப் போடுவதும் ஒரே வீட்டில் ஒருசேர நடக்கும்.

சிரிம் முத்திரை உள்ள கருவியும் இரைச்சல் போடுமா என்ற கேள்வி இயல்பாக எழும். உலகத் தரவிதிகளின் அமைப்பில் ஓர் இடைவெளி இருப்பதை இங்குச் சொல்லியாக வேண்டும். தொலைக்காட்சி, கணினி, சார்ஜர் போன்ற பெரும்பான்மையான வீட்டுக் கருவிகள் கம்பியில் ஏற்றக்கூடிய இரைச்சலுக்கு அனைத்துலகத் தரவிதிகள் விதிக்கும் வரம்பு 150 கிலோஹெர்ட்ஸிலிருந்தே தொடங்குகிறது. விளக்குகளுக்கும் இண்டக்ஷன் அடுப்புகளுக்கும் மட்டுமே 9 கிலோஹெர்ட்ஸிலிருந்து வரம்பு உண்டு. மின்கம்பிச் செய்திக்கு ஐரோப்பியத் தரவிதி ஒதுக்கியதோ 3 முதல் 148.5 கிலோஹெர்ட்ஸ் வரை; அதில் 95 கிலோஹெர்ட்ஸ் வரை மின்வாரியங்களுக்கு, அதற்கு மேற்பட்டது வீட்டாருக்கு. ஆகவே சோதனையில் நேர்மையாகத் தேறிய ஒரு சார்ஜர் 120 கிலோஹெர்ட்ஸில் ஓயாமல் இரைந்துகொண்டிருக்கலாம். அது எந்த விதியையும் மீறியதாகாது. கூரைச் சூரியத்தகடுகளின் இன்வெர்ட்டரும் பம்புகளின் வேகக்கட்டுப்பாட்டுக் கருவியும் பெருகும்போது இந்த இடைவெளி மேலும் உறுத்தும். தரவிதி மாறும்வரை காத்திருக்க வீட்டுக்காரரால் இயலாது என்பதால் பொறுப்பு வயர்மேனிடமே வந்து சேருகிறது.

தேடும் முறையைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுதவேண்டியிருக்கிறது, ஏனெனில் பழுதின் பெரும்பகுதி இங்கேயே தீர்ந்துவிடும். குறை எந்த நேரத்தில் தோன்றுகிறது என்று வீட்டிலுள்ள பெரியவர்களைக் கேட்டறிவதே முதல் வேலை. விளக்கேற்றும் நேரத்தில் மட்டும் வரும் குறைக்கும் ஏர்கோன் ஓடும்போது மட்டும் வரும் குறைக்கும் வேர் வேறு. அடுத்து டிபி பெட்டியில் எம்சிபிகளை ஒவ்வொன்றாக இறக்கி, தானியக்கக் கருவிக்கு மின்சாரம் தரும் எம்சிபியை மட்டும் விட்டுவிட்டுச் சோதித்தால், குறை எந்தக் கிளையிலிருந்து வருகிறது என்பது சில நிமிடங்களில் தெரிந்துவிடும். கிளை தெரிந்தபின் அதிலுள்ள பிளக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றவேண்டும். சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கையே பிடுங்கவேண்டும். சாதனம் அணைந்திருந்தாலும் அதன் உள்வடிப்பான் கம்பியோடு இணைந்தே இருப்பது வழக்கமாதலாலும், பழைய வீடுகளில் சுவிட்ச் தவறுதலாக நியூட்ரலில் பொருத்தப்பட்டிருப்பது உண்டாதலாலும், பிளக்கைப் பிடுங்குவதே ஐயத்துக்கு இடமில்லாத முறையாகும்.

இரைச்சலைக் கேட்பதற்கு விலையுயர்ந்த கருவி தேவையில்லை. பேட்டரியில் ஓடும் பழைய டிரான்சிஸ்டர் வானொலி ஒன்றை மத்திய அலையில், நிலையம் எதுவும் இல்லாத இடத்தில் வைத்து, கம்பி ஓடும் சுவரை ஒட்டி மெல்ல நகர்த்தினால், இரைச்சல் போடும் கருவியை நெருங்க நெருங்க வானொலியின் கரகரப்பு உயரும். வானொலியைக் கையில் திருப்பிப் பார்த்தால், உள்ளே இருக்கும் ஃபெரைட் ஆண்டெனா ஒரு திசையில் நிற்கும்போது கரகரப்பு தாழும், குறுக்கே நிற்கும்போது எழும். அத்திசை மாற்றத்தைக் கொண்டு இரைச்சல் எப்பக்கத்திலிருந்து வருகிறது என்று சொல்லிவிடலாம். ரெகுலேட்டரின் இரைச்சல் நொடிக்கு நூறு வெட்டு வெட்டுவதால் தடித்த உறுமலாகவும், சார்ஜரின் இரைச்சல் மெல்லிய சீறலாகவும் கேட்கும். தோட்டத்து வீடுகளில் இன்றும் அலமாரியில் தூங்கிக்கொண்டிருக்கும் அந்த வானொலிகளுக்கு இதைவிடச் சிறந்த மறுவாழ்வு இல்லை.

டிபி பெட்டியைத் திறந்தவுடன் நியூட்ரல் பட்டையைப் பார்ப்பதும் இதே தேடலின் பகுதியாகும். மெயின் சுவிட்சை அணைத்து, மின்சாரம் இல்லை என்பதைச் சோதித்து உறுதிசெய்தபின், பட்டையிலுள்ள ஒவ்வொரு திருகையும் ஸ்க்ரூடிரைவரால் தொட்டுப் பார்த்தால், கடல் காற்று படும் கரையோர வீடுகளில் ஒன்றிரண்டு திருகு கால்சுற்று இறுகுவதையும், அதன் அடியிலுள்ள செப்புக்கம்பி பச்சை பூத்தோ கருகியோ இருப்பதையும் காணலாம். தளர்ந்த இணைப்பில் ஒவ்வோர் அலையிலும் சிறு பொறி பறக்கிறது. அப்பொறி எல்லா அதிர்வெண்ணிலும் இரைச்சலைக் கொட்டுகிறது. விலைகொடுத்து வாங்கும் வடிப்பான்களில் எதுவும் இதைக் குணப்படுத்தாது, அதோடு இது தீவிபத்தின் தொடக்கமும்கூட.

வேர் தெரிந்தபின் மருந்து எளிது. இரைச்சலைப் பாதிக்கப்படும் இடத்தில் தடுப்பதைவிட, பிறக்கும் இடத்தில் அடைப்பதே சிறந்தது. செய்தியை விழுங்கும் தொலைக்காட்சிக்கும் இரைச்சல் போடும் சார்ஜருக்கும் முன்னே, குறிப்பிட்ட அதிர்வெண்ணுக்கென்றே செய்யப்பட்ட சுருளும் கெபாசிட்டரும் அடங்கிய பிளக் வடிப்பானை வைத்தால், அந்தச் சாதனம் செய்தியின் கண்ணுக்கு வீட்டில் இல்லாததாகிவிடும். கம்பியின்மேல் கவ்வவைக்கும் ஃபெரைட் வளையங்களை இதற்காக வாங்குவது வீண்செலவு. மெகாஹெர்ட்ஸ் அளவிலான இரைச்சலுக்கு அவை பயன்படும், 120 கிலோஹெர்ட்ஸில் ஒரு சுற்றுக்கு அவை தரும் தடை மிகச் சொற்பம். பழைய ரெகுலேட்டரைக் கெபாசிட்டர் வகை ரெகுலேட்டராக மாற்றுவதும், பெயரில்லாத எல்இடி விளக்கை மாற்றுவதும் பல வீடுகளில் வடிப்பானைவிட மலிவாக முடியும். பிளக் இல்லாமல் நிலையாகப் பொருத்தும் வடிப்பானில் கையை வைக்கும் முன், மின்சாரத்தை நிறுத்தியபின்னும் கெபாசிட்டர் மின்னூட்டத்தைத் தேக்கி வைத்திருக்கும் என்பதைத் தொழில் பழகும் பிள்ளைகளுக்கு மறவாமல் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

திரீ பேஸ் எனப்படும் முக்கட்ட இணைப்புள்ள பெரிய வீடுகளில் வேறொரு சிக்கல் உண்டு. செய்தி அனுப்பும் கருவி ஒரு கட்டத்திலும் கேட்கும் கருவி மற்றொரு கட்டத்திலும் இருந்தால், செய்தி தெருக்கோடியிலுள்ள மின்மாற்றி வரை போய்த் திரும்பி வந்தாலொழிய மறு கட்டத்தை எட்டாது, எட்டினாலும் தேய்ந்தே எட்டும். டிபி பெட்டியில் கட்டங்களுக்கிடையே செய்தி அலையை மட்டும் கடத்தும் இணைப்பியைப் பொருத்துவதே வழி. அதை முக்கட்டத் தகுதிச் சான்றிதழ் உள்ள வயர்மேன் மட்டுமே செய்யவேண்டும். வரிசை வீடுகளில் இதன் மறுபக்கம் தோன்றும்: ஒரே மின்மாற்றியின் ஒரே கட்டத்தைப் பகிரும் பக்கத்து வீட்டுக்குச் செய்தி கசியும், அவ்வீட்டின் இரைச்சலும் இங்கே வரும். மெயின் சுவிட்சுக்குப் பின்னால் தடுப்பு வடிப்பான் வைப்பது இரண்டையும் அடைக்கும். மீட்டருக்கு முன்னாலுள்ள பகுதி தெனாகா நேஷனலுடையது. அதன் திறன்மீட்டர்களில் ஒரு பகுதி மின்கம்பி வழியாகவே செய்தி அனுப்புகிறது என்பதால், அப்பக்கம் கைவைப்பது இருமடங்கு தவறு.

வைஃபையிலும் ஜிக்பீயிலும் இயங்கும் சுவிட்சுகளுக்கு மின்கம்பி இரைச்சல் தொடர்பில்லாதது என்ற எண்ணம் பரவியிருக்கிறது. செய்தி காற்றில் போவது உண்மையே. ஆனால் அச்சுவிட்சின் உள்ளிருக்கும் சிறு கணினிக்குச் சோறு போடுவது மின்கம்பிதான். ரிலே நீர்ப்பம்பை அணைக்கும் கணத்தில், மோட்டாரின் சுருளில் தேங்கிய ஆற்றல் பல நூறு வோல்ட் துடிப்பாகத் திரும்பிவருவதால் அக்கணினி தடுமாறி மீண்டும் தொடங்குகிறது. இதையே வீட்டுக்காரர் வைஃபை சரியில்லை என்று சொல்கிறார். ஸ்னப்பர் எனப்படும் 0.1 மைக்ரோஃபேரட் கெபாசிட்டரும் 100 ஓம் தடையும் தொடராகச் சேர்ந்த சிறு பொருளைப் பொருத்தினால் அத்துடிப்பு அடங்கும். அதை ரிலேயின் முனைகளுக்குக் குறுக்கே வைத்தால், சுவிட்ச் அணைந்தபின்னும் அதன் வழியே ஏறத்தாழ 7 மில்லிஆம்பியர் ஓடிக்கொண்டிருக்கும். எல்இடி விளக்கு பேய்விளக்காக மங்கி எரிய அது போதும். மோட்டாரின் முனைகளுக்குக் குறுக்கே வைத்தால் அத்தொல்லை இல்லை.

மங்கி எரியும் விளக்கு வேறொரு காரணத்தாலும் வரும். நமது வீடுகளின் சுவிட்ச் பெட்டிக்குள் பெரும்பாலும் நியூட்ரல் கம்பி இறக்கப்படுவதில்லை. நியூட்ரல் தேவைப்படாத திறன்சுவிட்சுகள் தமக்கு வேண்டிய மின்சாரத்தை விளக்கின் வழியாகவே உறிஞ்சிக்கொள்வதால் எல்இடி மினுக்குகிறது. விளக்கின் முனைகளுக்குக் குறுக்கே உற்பத்தியாளர் தரும் சிறு கெபாசிட்டரை வைப்பது தற்காலிகத் தீர்வு. புதிதாக வீடு கட்டுவோரிடம் ஒவ்வொரு சுவிட்ச் பெட்டிக்கும் நியூட்ரலை இறக்கிவிடுமாறு வயர்மேன் வற்புறுத்தவேண்டும். கட்டும்போது அதற்காகும் செலவு சில மீட்டர் கம்பி, கட்டியபின் ஆகும் செலவு சுவரை உடைப்பது.

ஆட்டோகேட் பற்றித் தனியே சொல்லத் தகும், ஏனெனில் இவ்வட்டாரத்தின் உண்மையான வீட்டுத் தானியக்கம் அதுவே. தூணுக்குள் இருக்கும் பலகைக்கு மின்சாரம் கொண்டுபோகும் கம்பியும், ஒளிக்கற்றை உணரி, அழுத்துபொத்தான் ஆகியவற்றின் மெல்லிய கம்பிகளும் ஒரே குழாய்க்குள் இருபது முப்பது மீட்டர் பக்கம் பக்கமாக ஓடுவது வழக்கம். அவ்வளவு தூரம் அணைந்து ஓடும்போது மின்கம்பி தன் மின்னழுத்தத்தை மெல்லிய கம்பியில் தூண்டிவிடுகிறது. இணைக்கப்படாத கம்பியிலும் டெஸ்ட் பென் ஒளிர்வதும் டிஜிட்டல் மீட்டர் எழுபது எண்பது வோல்ட் காட்டுவதும் இதனால்தான். அந்தத் தூண்டலையே கேட் பலகை யாரோ பொத்தானை அழுத்தியதாகப் புரிந்துகொள்கிறது. உணரிக் கம்பிக்குத் தனிக் குழாய், முறுக்கிய இணைக்கம்பி, மின்கம்பியைக் கடக்கவேண்டிய இடத்தில் செங்கோணமாகக் கடத்தல் ஆகிய மூன்றும் இக்குறையை ஏறக்குறைய முழுதும் போக்கும். ரிமோட் அருகில் வந்தால்தான் வேலை செய்கிறது என்ற குறைக்குத் தூணின்மேல் உள்ள அலங்கார எல்இடி விளக்கை அணைத்துச் சோதிப்பதே முதல் சோதனையாக இருக்கட்டும். அதன் டிரைவர் ரிமோட்டின் வானலையை அமுக்கிவிடக்கூடும். கேமராப் படத்தில் மெல்ல மேலேறும் பட்டைகள் தெரிந்தால், இரண்டு இடங்களில் எர்த்தாகிய கோஆக்சியல் கம்பியின் வழியே 50 ஹெர்ட்ஸ் மின்னோட்டம் சுற்றுகிறது என்று பொருள்; நெட்வொர்க் கம்பியில் ஓடும் கேமராவுக்கு இத்தொல்லை வருவதில்லை.

இனிச் சொல்லப்படுவது இம்மடலின் ஆழ்ந்த கவலை. உறுமலைப் போக்குவதற்காக மூன்று முள் பிளக்கின் எர்த் கம்பியைக் கழற்றிவிடும் வழக்கம் தோட்டத்துக் கோயில்களின் ஒலிபெருக்கி மேடைகளில் நெடுநாளாக உண்டு. திருவிழா நாளில் ஈரத்தரையில் வெறுங்காலோடு மைக்கைப் பிடித்து நிற்பவருக்கும் மரணத்துக்கும் இடையே இருந்த ஒரே காப்பை அது அகற்றிவிடுகிறது. அதே வழக்கம் இப்போது வீட்டுக் கருவிகளுக்கும் வந்திருக்கிறது. மலேசிய வீடுகளில் எர்த் என்பது வீட்டுக்காரரின் சொந்த எர்த் தண்டை மட்டுமே நம்பியுள்ள ஏற்பாடாதலால், கசிவு நேர்ந்தால் எம்சிபி விழுவதற்குப் போதுமான மின்னோட்டம் மண்வழியே ஓடுவது அரிது. உயிரைக் காப்பது இஎல்சிபி என வழங்கும் கசிவு முறிப்பான் ஒன்றே. 1994-ஆம் ஆண்டு மின்சார விதிமுறைகள் ஈரமாகக்கூடிய இடத்துக்கு 10 மில்லிஆம்பியர், கையில் பிடிக்கும் கருவிகளுக்கு 30 மில்லிஆம்பியர், மற்றவற்றுக்கு 100 மில்லிஆம்பியர் என வரையறுத்திருப்பது அதற்காகவே.

வடிப்பான்களுக்கும் இஎல்சிபிக்கும் உள்ள உறவைக் கணக்கிட்டே வேலை செய்யவேண்டும். நல்ல வடிப்பானில் லைவிலிருந்து எர்த்துக்கு ஒரு சிறு கெபாசிட்டர் இருக்கும், அது 4.7 நானோஃபேரட் ஆனால் 230 வோல்ட்டில் 0.34 மில்லிஆம்பியர் இடைவிடாமல் எர்த்துக்குக் கசியும். ஒன்றுக்குச் சொற்பமே எனினும், கணினி, சலவை இயந்திரம், ஏர்கோன், வடிப்பான் என எல்லாம் சேரும்போது தொகை ஏறும். 30 மில்லிஆம்பியர் இஎல்சிபி 15 மில்லிஆம்பியருக்கு மேல் எந்த அளவிலும் விழலாம் என்பதே தரவிதி. ஆகவே நிலையான கசிவு 9 மில்லிஆம்பியரைத் தாண்டாமல் வைத்திருப்பது நல்லது. அடிக்கடி விழும் இஎல்சிபியைக் கழற்றி நேரடியாக இணைத்துத் தருமாறு வீட்டுக்காரர் கேட்கும்போது, கசிவளக்கும் கிளாம்ப் மீட்டரால் ஒவ்வொரு கிளையையும் அளந்து சுமையைப் பிரித்துத் தருவதே வயர்மேனுக்கு அழகு; நேரடி இணைப்பு கேட்பவர் யாராக இருந்தாலும் மறுக்கவேண்டும்.

இடியைப் பற்றி ஒரு சொல். தீபகற்பத்தின் இம்மேற்குக் கரை உலகில் மிகுதியாக இடி விழும் பகுதிகளுள் ஒன்று; கிள்ளான் பள்ளத்தாக்கு வட்டாரத்தில் ஆண்டுக்கு 200 நாளை ஒட்டி இடிமழை பெய்கிறது. வயல்வெளியில் நெடுந்தொலைவு தூண்களில் ஓடிவரும் கம்பியின் கடைசி வீடுகளுக்கு மின்னெழுச்சித் தடுப்பி ஆடம்பரம் ஆகாது. அதன் எர்த் கம்பி சுருண்டு வளையாமல் அரை மீட்டருக்குள் முடியவேண்டும் என்பதையும், அதன் அடையாளச் சன்னல் சிவந்தால் மாற்றவேண்டும் என்பதையும் வீட்டுக்காரருக்குக் காட்டிக்கொடுத்தால் போதும்.

வாங்கப்போகும் கருவியைப் பற்றி வீட்டுக்காரர் ஆலோசனை கேட்கும்போது சொல்லத்தக்க கருத்தும் ஒன்று உண்டு. பழைய வயரிங் உள்ள வீட்டில் மின்கம்பி வழிச் செய்தி முறையைப் புதிதாகத் தொடங்குவது இன்று பொருத்தமன்று. அங்கே ஜிக்பீ போன்ற கம்பியில்லா முறை தாங்கும். புதிய வீட்டில், சுவர் பூசுமுன், மின்குழாயிலிருந்து விலக்கித் தனியொரு செய்திக்கம்பி போட்டுவிடுவதே நெடுங்காலத்துக்கு நல்லது. முப்பது வோல்ட் அளவில் இயங்கும் அத்தகைய கம்பிக்கு வீட்டு இரைச்சல் எளிதில் எட்டாது. ஏற்கெனவே மின்கம்பி முறை உள்ள வீடுகளில் அதைத் தூக்கியெறியத் தேவையில்லை. மேலே சொன்ன தேடலை ஒருமுறை பொறுமையாகச் செய்தால் அது ஆண்டுக்கணக்கில் உழைக்கும்.

இத்தனையையும் செய்து முடிக்கும் வயர்மேன்களிடம் இம்மடல் வேண்டிக்கொள்வது ஒரு தாள். டிபி பெட்டிக் கதவின் உட்புறத்தில் ஒட்டப்படும் அத்தாளில் எந்த எம்சிபி எந்த அறைக்கு, எந்தக் கட்டத்தில் எது உள்ளது, எங்கெங்கே வடிப்பான் வைக்கப்பட்டது, வேலை முடிந்த நாளில் அளந்த கசிவு எத்தனை மில்லிஆம்பியர், இஎல்சிபியின் சோதனைப் பொத்தானைக் கடைசியாக அழுத்திப் பார்த்தது எப்போது என்பவை வீட்டிலுள்ளவர் படிக்கக்கூடிய தமிழிலும், வேறு வயர்மேன் வந்தால் அவர் படிக்கக்கூடிய மலாயிலும் எழுதப்பட்டிருக்கட்டும். பிள்ளைகள் வெளியூரில் வேலை செய்ய, வயதானவர்கள் தனியே இருக்கும் வீடுகள் இவ்வட்டாரத்தில் மிகுதி. நடு இரவில் கேட் தானாகத் திறந்துகொண்டால் எந்த எம்சிபியை இறக்குவது என்பதை அந்தத் தாளைப் பார்த்து அவர்களே செய்துகொள்ள முடியும். மீட்டருக்கு அப்பால் உள்ள கோளாறுக்குத் தெனாகா நேஷனலின் 15454 எண்ணையும் அதன் அடியில் பெரிய எழுத்தில் எழுதிவிடுங்கள்.